பனிக்காலையில் இறுகிய மெழுகு

அந்த இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே எனக்கு முள்ளைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அமுக்கம் காட்டும் முள். வட்டக் கண்ணாடிக்குள் அது பச்சைப் பகுதியில் நிற்கும்வரை ஒன்றுமில்லை. மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலும் என் கை தானாக விறகை இழுக்கும் கம்பியைத் தேடும். வீட்டில் சோறு கொதிக்கும்போதுகூட மூடியைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அக்கா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

கந்தப்பளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது கொழும்பிலிருந்து வந்த ஒரு சிறிய நிறுவனம். பொலித்தீனை எண்ணெயாக்கும் இயந்திரம். சுற்றிலும் மரக்கறித் தோட்டங்கள். உரப் பை, நாற்றுப் பை, பயிர்க் கூடாரங்களுக்குப் போர்த்தும் பொலித்தீன் என்று எல்லாம் கடைசியில் எங்கள் வடிகால் கான்களில்தான் வந்து சேரும். ஒரு பெருமழை அடித்தால் கான் அடைத்துக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் லய வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். எரித்தால் பிள்ளைகளுக்கு இருமல். குப்பை அள்ளும் பிரதேச சபை டிராக்டர் டவுனோடு திரும்பிவிடும். ஆகவே, இந்தப் பொலித்தீனை ஒரு பெரிய இரும்பு அண்டாவுக்குள் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, கீழே நெருப்பு வைத்தால் ஆவியாகி எண்ணெயாக வரும் என்று நிறுவனத்தார் சொன்னபோது, பாதிப் பேருக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவைத் தவிர.

"தலைக்கு மேல அடுப்ப வச்சிக்கிட்டு கீழ நாங்க எப்புடி தூங்குறது?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. லயத்துக்கு மேலே, பழைய மாட்டுப்பட்டி இருந்த மேட்டில்தான் தகரக் கொட்டகை போட்டார்கள். ரோட்டு அங்கே வரைக்கும்தான் போகும், மலைத்தண்ணீர் விழும் பீலியும் பக்கத்தில் இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். இயக்குவதற்குத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். நான் பள்ளியில் சாதாரணதரம் முடித்துவிட்டு நுவரெலியாவில் ஒரு துணிக்கடையில் நின்று, கடை மூடியதும் வீட்டோடு இருந்தவள். மனுப் போட்டேன். கிடைத்தது. அக்கா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "கைய பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குக் கற்றுத்தந்தவர் யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர். என்னைவிட வயதில் இளையவர். டவுனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். நான் "சேர்" என்பேன். அவர் "அக்கா" என்பார். எதையும் இரண்டு முறை சொல்வார். அண்டாவிலிருந்து ஆவி ஒரு குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டிக்குள் சுருள் சுருளாக இறங்கும். குளிரில் ஆவி எண்ணெயாக மாறி மறுமுனையில் பீப்பாவில் சொட்டும். மிஞ்சிய வாயு ஒரு தண்ணீர்ச் சாடிக்குள் குமிழியிட்டு, திரும்ப அடுப்புக்கே எரிய வரும். அமுக்கம் கூடினால் அண்டாவின் தலையில் இருக்கும் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து, ஆவியைக் கூரைக்கு மேலே விட்டுவிடும். சூடாக இருக்கும்போது அண்டாவைத் திறக்கவே கூடாது, வெளிக்காற்றுப் பட்டால் உள்ளே இருப்பது பற்றிக்கொள்ளும் என்பதை மட்டும் அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. கான்களில் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உலர்த்தும் அடுப்பில் எங்கள் எண்ணெயை எரித்துப் பார்த்தார்கள். அங்கிருந்து ஆள் வந்து இன்னும் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு தை மாதம் வந்தது.

அந்த வருசம் பனி கடுமை. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளையாகக் கிடந்தது. தாழ்வான மலைகளில் கொழுந்து கருகிப்போனது. பீலித் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை குத்தும். அது நடந்ததற்கு முதல் நாள் பின்னேரம் ஒரு லொறி நிறைய கூடாரப் பொலித்தீன் வந்திறங்கியிருந்தது. பெரிய பெரிய விரிப்புகள். மண்கூட அதிகம் இல்லை. வழக்கமாக எங்களுக்கு வருவது யோகட் கோப்பை, பிஸ்கட் பக்கட், அரிசிப் பை என்று எல்லாம் கலந்த குப்பை. பிரித்துப் பிரித்தே முதுகு ஒடிந்துவிடும்.

"இப்பிடிச் சுத்தமான சாமான் இவ்வளவு நாளும் வரேல்லை அக்கா. நாளைக்கு இதை மட்டும் போட்டுப் பாப்பம்" என்றார் பொறியியலாளர். அதற்காகவே காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

நெருப்பு வைத்தோம். காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அண்டா சூடேறி, எண்ணெய் சொட்டத் தொடங்கியது. வழக்கத்தைவிடக் கெட்டியாக, தேன்போல இருந்தது. இரண்டு பேரும் பீப்பாவுக்குள் எட்டிப் பார்த்துச் சந்தோசப்பட்டோம்.

அப்புறம் சொட்டுச் சத்தம் நின்றது.

கொட்டகைக்குள் அந்தச் சத்தம் எப்போதும் இருக்கும். பழகிப்போய் அதைக் கேட்கவே மாட்டோம். நின்றபோதுதான் அது இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. தண்ணீர்ச் சாடியிலும் குமிழி இல்லை.

"சேர், சொட்டு நின்னுருச்சி."

அவர் பீப்பாவைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மஞ்சளில் பாதி தாண்டியிருந்தது.

"விறகை இழுங்கோ அக்கா. முழுக்க இழுங்கோ."

கம்பியை விட்டு இழுத்தேன். எரிகிற கட்டைகள் வெளியே உருண்டன. அவர் வாளி மணலைக் கொட்டக் கொட்ட, நான் மம்பட்டியால் மூடினேன். புகை கண்ணைக் கட்டியது. அண்டாவின் மேல் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டேன். "ஊத்தக்கூடாது, இரும்பு வெடிக்கும்" என்றார். அடுப்புக் காலியாகிவிட்டது. ஆனால் செங்கல் அவ்வளவு நேரம் குடித்த சூட்டை விடவில்லை. முள் ஏறிக்கொண்டேதான் இருந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல்.

"பைப்புக்குள்ள மெழுகு இறுகீட்டுது" என்றார். குரல் தணிந்திருந்தது. "இந்தப் பொலித்தீன் எண்ணெயா வரேல்லை, மெழுகா வந்திருக்கு. தண்ணி இந்தக் குளிரில. தொட்டிக்குள்ள இறங்கிற இடத்திலயே கட்டியாப் போச்சுது."

கொழும்பின் வெயிலில் செய்து, கொழும்பின் வெயிலில் சோதித்த இயந்திரம் அது. குளிர்ந்த தண்ணீர் நல்லது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இவ்வளவு குளிர்ந்த தண்ணீர் ஒன்று இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

முள் சிவப்புக்குள் போனது. இனி வால்வு திறக்க வேண்டும். இருவரும் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். திறக்கவில்லை. அவர் ஒரு நீளக் கம்பியை எடுத்து வால்வின் தலையில் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார். அதன் வாயிலும் மெழுகு.

கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "லயத்தில ஆர் ஆர் இருக்கினம்?"

வயசாளிகள் கொஞ்சப் பேர், பக்கத்துக் காம்பிரா அறையில் சுகமில்லாமல் வேலைக்குப் போகாமல் நின்ற ஒரு பெண், அக்கா, அக்காவின் மகள். அக்கா மகளுக்கு ஒப்பரேஷன் செய்து குழந்தை எடுத்து, நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தையல் போட்ட உடம்பு.

"எல்லாரையும் கோயில் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கோ. ஓடச் சொல்லாதேங்கோ, விழுந்திடுவினம். அடுப்பு ஒண்டும் எரியக்கூடாது. அண்டாவில எங்கையாவது பிச்சுக்கொண்டு ஆவி வந்தால் கீழ்ப்பக்கம்தான் இறங்கும்."

"நீங்க?"

"நான் தொட்டித் தண்ணியைத் திறந்துவிடப் போறன். போங்கோ அக்கா."

தொட்டியைத் திறக்கும் குழாய் அண்டாவுக்கு ஒரு கை தூரத்தில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் படியில் இறங்கி ஓடினேன். உறைபனி உருகிப் படிகள் வழுக்கின.

கடைசிக் காம்பிராவிலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன். பெரியவர் ஒருவர் செருப்பைத் தேடினார். "செருப்பு வேணாம், வாங்க" என்றேன். "பனியில எப்புடி புள்ள நடக்கிறது?" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்தார். கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். இன்றைக்கும் அந்த மனுசன் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். மகளைக் குளிப்பாட்ட, வேப்பிலை போட்டுப் பெரிய சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"என்னா?"

"மெஷின் அடைச்சிக்கிச்சி. எல்லாரும் கோயிலுக்குப் போகணும். அடுப்ப அணைச்சிரு அக்கா."

"வெடிக்குமா?"

"தெரியாதுக்கா."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாம்பலை அள்ளி அடுப்பில் போட்டாள். உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் போர்வையோடு தூக்கினாள். மகள் ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. வாசற்படியைத் தாண்டக் காலைத் தூக்கியபோது ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும்.

பக்கத்துக் காம்பிராப் பெண் ஓடிவந்து அவளைத் தோளில் தாங்கிக்கொண்டாள். கோயில் பாதையில் அவர்கள் அங்குலம் அங்குலமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மேலேயிருந்து பொறியியலாளரின் குரல் வந்தது.

"அக்கா! சுடுதண்ணி! சுடுதண்ணி இருக்கோ?"

கொட்டகை வாசலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தார். தொட்டியைத் திறந்துவிட்டார் என்று தெரிந்தது. நான் அடுப்படிக்குள் போய்ச் சட்டியின் காதுகளைப் பிடித்தேன். அசைக்க முடிந்தது, தூக்க முடியவில்லை.

பின்னால் அக்கா வந்து நின்றாள். கையில் குழந்தை இல்லை.

"புள்ள எங்க?"

"பெரியவரு கையில குடுத்துட்டேன். நீ ஒத்தையில தூக்கிருவியா இத? அந்தப் பக்கம் புடி."

"நீ போக்கா. கோயிலுக்குப் போ."

"நீ மேல போறப்ப நான் கோயில்ல நின்னு சாமி கும்புடவா? புடிடீ."

சேலைத் தலைப்பையும் சாக்கையும் சுற்றிக்கொண்டு சட்டியைத் தூக்கினோம். அந்தப் படிகளில் நாங்கள் எவ்வளவோ விறகும் தண்ணீரும் சுமந்திருக்கிறோம். அன்றைக்கு ஏறிய ஏற்றம்போல ஒன்றை நான் ஏறியதில்லை. ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. தளும்பி அக்காவின் காலில் கொட்டியது. அவள் "ஸ்" என்றாளே தவிர நிற்கவில்லை.

வாசலிலேயே பொறியியலாளர் அக்காவை நிறுத்திவிட்டார். "நீங்கள் உள்ள வரக்கூடாது அம்மா. தயவுசெய்து." அக்கா நின்றாள். கீழேயும் போகவில்லை.

உள்ளே, காலியான தொட்டியில் குழாய் சுருள் வெறுமையாகத் தெரிந்தது. அண்டாவிலிருந்து வரும் பகுதி தொடவே முடியாத சூடு. தொட்டி விளிம்பைத் தாண்டியதும் ஒரு முழ நீளத்துக்கு ஐஸ்போலக் குளிர். அந்த இடத்தில்தான் மெழுகு நின்றது. சாக்கை மடித்து மடித்துச் சுற்றினோம். அவர் பிடித்துக்கொள்ள நான் செம்பால் மொண்டு ஊற்றினேன். என் வலது பக்கம் அண்டா. கழுத்தில் அதன் சூடு அடித்தது. அதன் உள்ளேயிருந்து, கதவுக்குப் பின்னால் யாரோ நகர்வதுபோல, ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது. மூடியின் ஓரத்தில் மெல்லிய நூலாக வெள்ளைப் புகை கிளம்பியிருந்தது. மெழுகுதிரி அணைத்த வாடை.

"ஊத்துங்கோ. கொஞ்சம் மெதுவா. அப்பிடித்தான்."

சட்டியில் பாதி போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. முள்ளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன், பார்த்தேன். சிவப்பின் கடைசியில் ஒரு சின்ன ஆணி இருக்கும், முள் அதற்கு மேல் போகாமல் தடுக்க. முள் அதைத் தொட்டுக்கொண்டு நின்றது. இனி எவ்வளவு ஏறுகிறது என்றே தெரியாது.

"அக்கா, நீங்கள் போங்கோ. மிச்சத்தை நான் ஊத்திறன்."

"சாக்க யாரு புடிப்பா?"

நான் மொண்டு ஊற்றினேன். பயம் என்றால் ஓடத் தோன்றும் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஓடத் தோன்றவில்லை. என் கைகளைத் தவிர வேறு எதுவும் இல்லாததுபோல இருந்தது. செம்பு, சாக்கு, தண்ணீர்.

சட்டியின் அடி தெரியத் தொடங்கியபோது குழாய் ஒரு முறை குலுங்கியது. பெரிய மனுசர் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். மறுமுனையில் மஞ்சளாக, நெய்க்கட்டிபோல ஒரு மெழுகு உருண்டை வந்து பீப்பாவுக்குள் தொப்பென்று விழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு கொழகொழவென்று ஊற்ற ஆரம்பித்தது. தண்ணீர்ச் சாடி கொந்தளித்தது.

முள் நடுங்கியது. ஆணியை விட்டுப் பிரிந்தது.

அது மஞ்சளுக்கு வரும்வரை நான் செம்பைக் கீழே வைக்கவில்லை. பச்சைக்கு வந்ததும் அவர் சாக்கை விட்டுவிட்டு, வெளியே போய், பனி ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தார். உள்ளங்கை இரண்டும் வெந்து சிவந்திருந்தன. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

அக்கா வாசலில் நின்றாள். அவள் காலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. என்னைப் பார்த்து, "இந்த வேலைக்கா படிச்ச?" என்றாள். பிறகு படியிறங்கி மகளிடம் போனாள்.

அண்டா முழுக்க ஆறும்வரை யாரையும் லயத்துக்குள் விடவில்லை. சாயங்காலம் வரை எல்லோரும் கோயிலிலேயே இருந்தார்கள். மலையிலிருந்து திரும்பியவர்கள் கொழுந்துக் கூடையோடு அங்கேயே வந்தார்கள். சிலர் என்னிடம் விசாரித்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொறியியலாளர் கையில் துணி சுற்றிக்கொண்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். மறுபக்கம் நிறுவனத்து மேலதிகாரி யாரோ. இதைப் பெரிசாக்க வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் இவர், "இது பெரிசுதான் சேர்" என்று இரண்டு முறை சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு சிறிய தடங்கல், சரிசெய்யப்படும், இதனால் தோட்டத்துக்கு எவ்வளவு நன்மை என்று பேசினார்கள். பிறகு பொறியியலாளர் எழுந்தார். என்ன நடந்தது என்று ஒன்றையும் மறைக்காமல், எங்களுக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். "அது வெடிச்சிருக்கலாம்" என்றார்.

அக்கா பின்வரிசையில் இருந்தாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்: "இத உங்க வீட்டுக்கு மேல வைப்பீங்களா சேர்?"

கூடவந்த இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"வைக்கமாட்டன் அம்மா" என்றார்.

"அப்ப எங்க வீட்டுக்கு மேலயும் வேணாம்."

இயந்திரம் பூட்டப்பட்டது. பல மாதம் எனக்கு வேலை இல்லை. கான்களில் மறுபடி பொலித்தீன் சேர்ந்தது. ஐப்பசி மழையில் லயத்துக்குள் தண்ணீர் வந்தது. அப்போது சிலர் என்னிடம், அதை மறுபடி ஓட்டினால் என்ன என்று கேட்டார்கள். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த வருசம் அக்கா என்னோடு பேசினாள், சாப்பாடு கொடுத்தாள். ஆனால் அதைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். அவள் காலில் தழும்பு நின்றுவிட்டது.

கடைசியில் தோட்டத்துக் கீழ் எல்லையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத பாழடைந்த ஸ்டோர் ஒன்று இருந்த இடத்தைத் தோட்ட நிர்வாகம் கொடுத்தது. சுற்றிலும் வீடே கிடையாது. பொறியியலாளர் இயந்திரத்தைக் கிட்டத்தட்டப் புதிதாகவே செய்தார். தொட்டிக்குள் இறங்கும் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய். அதில் எப்போதும் வெதுவெதுப்பான தண்ணீர் ஓடும். மெழுகு தனியாக இறங்க ஒரு பாத்திரம். இப்போது அதையும் மெழுகுதிரி செய்கிறவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். வால்வு ஒன்றுக்கு இரண்டு, மெழுகு அடைக்காதபடி இரண்டும் சூடாகவே இருக்கும். தொட்டித் தண்ணீரின் சூடு குறைந்தாலோ அமுக்கம் கூடினாலோ என் ஃபோனிலும் அவர் ஃபோனிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். கூடாரப் பொலித்தீனைத் தனியாகப் போடுவதில்லை. மற்றதோடு கலந்துதான் போடுகிறோம்.

நான் திரும்பப் போனேன். ஏன் போனேன் என்று பலர் கேட்டார்கள். அந்தக் கானைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. முதல் நாள் நெருப்பு வைத்தபோது தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன். பொறியியலாளர் வாங்கிப் பற்றவைத்தார்.

அக்காவின் மகளும் இப்போது என்னோடு வேலைக்கு வருகிறாள். குழந்தை வளர்ந்து, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிராவுக்குப் போகிறது. அவள் மனுப் போட்டபோது நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்காவும் அப்படித்தான். வந்த முதல் வாரத்திலேயே அக்கா மகள் பொறியியலாளரிடம் ஒரு சண்டை பிடித்தாள். பனி விழுகிற மாதங்களில், மணியடிக்கும் கருவி என்ன சொன்னாலும், கூரையில் வெயில் விழுந்த பிறகுதான் நெருப்பு வைப்பேன் என்றாள். அவர் சரி என்றார். அதனால் தை, மாசியில் எங்கள் வேலை பிந்தித்தான் தொடங்குகிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிந்துகிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். நாங்கள் வெயிலுக்காகக் காத்திருக்கிறோம்.